ஆயான்னு கூப்ட்டா இன்னா கொறச்சல்

தண்டையார்பேட்டை
ஞாயித்துக்கெழம ராத்திரி

அடியே ரெட்டஜடை,

எப்டி கீற? முட்டி வலி இன்னா ஆச்சு? நான் குடுத்தனுப்புன தைலத்த தேய்க்கிறியா இல்லியா, நீ தேய்க்க மாட்ட எனக்குத் தெரியும், மவ கிட்ட குடு அவ தேச்சு உடுவா. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். ஊட்டுக்காரருக்கு சுகர் கொஞ்சம் எறங்கிருக்கு, தெனமும் காலைல மெட்ரோ ஸ்டேஷன் வரைக்கும் நடந்து போயிட்டு வர்றாரு. நான் ரிட்டயர்ட் ஆகி ரெண்டு வருஷம் ஆவப் போவுது, இன்னும் காலைல எட்டு மணி ஆனா கை தானா சாக்பீஸ் தேடுது.

போன வாரம் நீ அனுப்புன வாய்ஸ் மெசேஜ எத்தினி வாட்டி கேட்டேன்னு எனக்கே தெரியல. உன் பேத்தி "அம்முச்சீ"ன்னு இழுத்துக் கூப்புட்றப்போ அப்டியே கண்ணு கலங்கிடுச்சுடி. எம்.சி. ரோட்டுல என் கைய புடிச்சிக்கினு ஓடுனவள, ஊட்ல ஆச்சி ஆச்சின்னு ஆச்சி முந்தானையிலயே கெடந்தவள, கோயம்புத்தூர்ல ஒரு குழந்தை அம்முச்சின்னு கூப்புடுதேன்னு இருந்துது. அப்பால நீ கேட்ட பாரு, "உன் பேத்தி உன்ன இன்னான்னு கூப்புடுது, ஆயான்னு தானே?"ன்னு. அதுக்கு போன்ல பதில் சொல்ல முடியல, அடுப்புல பால் இருக்குன்னு சொல்லி கட் பண்ணிட்டேன். பால்லாம் இல்ல. சொன்னா அழுதுடுவேன்னு தான். அதுக்கு தான் இந்த லெட்டர், கொஞ்சம் பெருசா தான் போவும், பொறுமையா படி.

ஜூன்ல ஸ்கூல் தொறந்தப்போ பேத்திய எல்கேஜில சேத்தோம். எந்த ஸ்கூல்னு வேணாம். மத்தியானம் பன்னண்டரைக்கு நான் தான் போய் கூப்டுக்கினு வருவேன். மூணாவது நாளோ நாலாவது நாளோ, கேட்ட தொறந்ததும் வாட்டர் பாட்டில் தரையில இழுபட ஓடி வந்து "ஆயா!"ன்னு கத்துனா. நானும் பாத்தேன், கேட்டாண்ட தொடப்பத்தோட நின்னுக்கினு இருந்தாங்களே அந்தம்மாவும் திரும்பிப் பாத்தாங்க. மிஸ்ஸு குழந்தைகிட்ட குனிஞ்சு, கோவமால்லாம் இல்ல, நல்ல மாதிரியா தான் சொன்னாங்க, "நோ செல்லம், இவங்க தான் ஆயாம்மா. அவங்க உங்க பாட்டி. பாட்டின்னு சொல்லணும், இல்ல கிரானின்னு சொல்லணும், வீட்ல இருக்கறவங்கள ஆயான்னு சொல்லக் கூடாது". வர்ற வழி பூரா குழந்தை வாயே தொறக்கல. மார்க்கெட்டாண்ட வந்ததும் என் கைய இஸ்து நிறுத்தி, "ஆயான்னா கிளீன் பண்றவங்களாம், நான் ஒன்ன பாட்டின்னு கூப்டட்டா?"ன்னு கேட்டுச்சு. நாலு வயசு. என்ன மரியாதையா நடத்தணும்னு அதுக்கு தோணிருக்கு, அதுல தப்பு இன்னா இருக்கு. சரி கண்ணுன்னு சொல்லிட்டேன். அன்னிக்கி ராத்திரி எனக்குத் தூக்கமே வர்ல.

எங்க ஆயாவ உனக்கு ஞாபகம் இருக்கும். கல்மண்டபத்தாண்ட திண்ணைல ஆப்பக்கடை. போர்டு கெடையாது, கடைக்குப் பேரு கெடையாது, ஆயா கடை அவ்ளோ தான். விடியக்காலம் நாலு மணிக்கே அடுப்பு பத்த வெச்சிடுவாங்க, காசிமேட்டுல மீன் ஏலம் முடிச்சிட்டு வர்றவங்க தான் மொத போணி. ஒரு துணி முடிச்ச நல்லெண்ணெயில தொட்டு சட்டிய ஒரு சுத்து தொடைப்பாங்க, ஒரு கரண்டி மாவ ஊத்தி ரெண்டு காதையும் புடிச்சு ஒரே சுழட்டு, மூடிய போட்டுட்டு அந்த நேரத்துல அடுத்த ஆளுக்கு சில்லறை எண்ணி வாங்கி சுருக்குப் பையில போட்டுக்குவாங்க, மூடிய எடுத்தா ஓரம் முறுகலா நடுவுல பஞ்சா இருக்கும். ஒரு நாளும் கருகுனது கெடையாது, எண்ணிக்கினு கூட இருக்க மாட்டாங்க. உனக்கு தேங்காப்பால் எனக்கு வடகறி. நீ ஆச்சின்னு கூப்புட்ற ஊட்டுப் பொண்ணு, ஆனா எங்க ஆயாவ நீயும் ஆயான்னு தான் கூப்ட்ட. தெருவே அப்டி தான் கூப்ட்டுச்சு. லாரி ஓட்றவரும் ஆயா, பேங்க்குக்கு போறவரும் ஆயா, போலீஸ்காரரும் "ஆயா ரெண்டு ஆப்பம்". எங்க ஆயாவுக்குன்னு ஒரு பேரு இருக்குன்றதே நான் ரேஷன் கார்ட படிக்கக் கத்துக்கினப்புறம் தான் தெரிஞ்சுது.

அந்தப் பேர சொல்லக் கூடாதுன்னு ஒருத்தங்க குழந்தைகிட்ட சொன்னா எனக்கு எப்டி இருக்கும் சொல்லு.

நம்ப லைன் ஊட்ட நெனச்சுப் பாத்தேன். பத்து குடித்தனம் இருக்குமா? எத்தினி பேரு வெச்சிக் கூப்ட்டோம். நாலாவது ஊட்டு தெலுங்குக்காரங்க அவ்வான்னுவாங்க, அவங்களே அப்பாவ பெத்தவங்கன்னா நாயனம்மா, அம்மாவ பெத்தவங்கன்னா அம்மம்மான்னும் சொல்லுவாங்க. அந்த அவ்வா வேற, நம்ப ஔவை வேறன்னு நெனச்சிக்காத, அவ்வைன்னா பழைய தமிழ்ல தாயி, வயசான பொம்பள, ரெண்டும் ஒரே வேரு தான், கன்னடத்துல இன்னிக்கும் அவ்வான்னா அம்மா. மாடி ஊட்ல கீழக்கரைலேந்து வந்து மண்ணடில கடை வெச்சிருந்தாங்களே, அவங்க ஊட்டுப் புள்ளைங்க உம்மும்மா, வாப்பும்மான்னு கூப்புடுங்க. உம்மாவோட உம்மா, வாப்பாவோட உம்மா. நீங்க தின்னவேலி, ஆச்சி. நீ கல்யாணத்துக்கு அப்புறம் காரைக்குடிக்கு போயிட்டு வந்து எனக்கு எழுதுன லெட்டர் இன்னும் இருக்கு, "இங்க முப்பது வயசு பொம்பளைய ஆச்சின்னு கூப்புட்றாங்கடி, எனக்கு ஒண்ணும் புரியல"ன்னு. அங்க ஆச்சின்னா அக்கா, மரியாதையான ஊட்டுப் பொம்பள. பாட்டிய அங்க இன்னான்னு கூப்புட்றாங்க தெரியும்ல? அப்பாவ பெத்தவங்க அப்பத்தா, அம்மாவ பெத்தவங்க ஆயா. தேக்குத் தூணு வெச்ச அவ்ளோ பெரிய பெரிய ஊட்ல ஆயான்னு தான்டி கூப்புட்றாங்க. அங்க அது மரியாதை, இங்க நம்ப சொன்னா மட்டும் கொறச்சலா?

நம்ப மெட்ராஸ் ஆளுங்க ஒண்ணு பண்ண மாட்டாங்க, அம்மா பக்கம் அப்பா பக்கம்னு பேர பிரிக்க மாட்டாங்க. உங்க கொங்குப் பக்கம் அம்முச்சி வேற அப்பத்தா வேற, அப்பிச்சி வேற அப்பாரு வேற. திருச்சி தஞ்சாவூர் பக்கம் அப்பாயி, அம்மாச்சி, அம்மாயி. யாழ்ப்பாணத்துக்காரங்க அப்பாச்சி, அம்மம்மா. பேர கேட்டதும் எந்த வழி சொந்தம்னு தெரிஞ்சிடும். நமக்கு ரெண்டு பேருமே ஆயா தான், எந்த ஆயான்னு கேட்டா ஊர முன்னாடி போட்டு சொல்லுவோம். எனக்கு கல்மண்டபம் ஆயா, எண்ணூர் ஆயா. எங்க பெரியம்மா பசங்களுக்கு கோழி வளத்த ஆயா கோழி ஆயா, கண்ணாடி போட்ட ஆயா கண்ணாடி ஆயா. இதுல ஒரு நல்லது இருக்குன்னு எனக்குத் தோணும், பெத்தது யாரன்னு கேக்காம எங்க இருக்காங்க, இன்னா பண்றாங்கன்னு பாத்து கூப்புட்றோம்.

இதெல்லாம் நெனச்சிக்கினு படுத்திருந்தப்போ ஒண்ணு பளிச்சுன்னு பட்டுச்சு. இத்தினி பேரையும் பிரிச்சுப் பாரு. அப்பா கூட ஆத்தா சேந்தா அப்பத்தா, ஆயி சேந்தா அப்பாயி, ஆச்சி சேந்தா அப்பாச்சி. அம்மம்மா சொல்லவே வேணாம். உள்ள இருக்கறது பூரா அம்மா. ஆத்தா, ஆச்சி, ஆயி, ஆயா எல்லாமே தாயக் கூப்புட்ற சொல்லு தான்டி. ஆய்னா தமிழ்ல தாய்னு அர்த்தம். குறுந்தொகை நாப்பதாவது பாட்டு நான் எத்தினி வருஷம் நடத்திருக்கேன், "யாயும் ஞாயும்"னு ஆரம்பிக்குமே. யாய்னா என் தாய், ஞாய்னா உன் தாய். ஒரு வாட்டி கடைசி பெஞ்சுல இருந்து ஒரு பையன் எழுந்து "டீச்சர், யாய்னா ஆயாவா?"ன்னு கேட்டான். கிளாஸே சிரிச்சுது. நான் இல்லப்பா, அம்மான்னு சொல்லி உக்கார வெச்சிட்டேன். அவன் ஒண்ணும் பெருசா தப்பா கேக்கல, ரெண்டும் ஒரே குடும்பத்து சொல்லுன்னு அன்னிக்கே நான் எடுத்து சொல்லிருக்கணும். ஆயா கூட வளர்ற பையன், அவன் காதுல அது ஆயான்னு தானே உழும்.

அப்போ வேலை செய்றவங்களுக்கு அந்தப் பேரு எங்கேந்து வந்துதுன்னு நீ கேப்ப. அது வேற ஒரு ஆயாடி, கப்பல்ல வந்த ஆயா. போர்ச்சுகீஸ்காரங்க சாந்தோம்ல வந்து குடியேறுனாங்கள்ல, அவங்க பாஷைல குழந்தைய பாத்துக்குற பொம்பளைக்கு பேரு ஆயா. அலமாரி, ஜன்னல், சாவி, மேசை, காசிமேட்டுல தெனமும் போட்றாங்களே அந்த ஏலம் எல்லாம் அவங்க கிட்டேந்து வந்தது தான், அது கூட இதுவும் வந்துது. அப்பால 1639ல இங்கிலீஷ்காரங்க வந்து கோட்டை கட்ட எடம் வாங்குனாங்க, அவங்க ஊட்டுப் புள்ளைங்கள பாத்துக்க நம்ப பொம்பளைங்க போனாங்க, அவங்களையும் ஆயான்னாங்க. அந்தப் புள்ளைங்களோட கப்பலேறி லண்டன் வரைக்கும் போயிருக்காங்க, போற வழி பூரா புள்ளைய பாத்துக்கினு போய் சேந்ததும் சில பேர திரும்பி வர்றதுக்கு டிக்கெட் கூட எடுத்துக் குடுக்காம அப்டியே வுட்டுட்டாங்க. அப்டி தங்க எடம் இல்லாம நின்னவங்களுக்குன்னு அங்க ஒரு ஆயா இல்லமே இருந்துது, ஹாக்னின்ற ஏரியால. 2022ல அந்தக் கட்டடத்துக்கு ஞாபகார்த்தமா நீலக் கலர் பலகை வெச்சாங்க. யாரோ பெத்த புள்ளைய ராவும் பகலும் தூக்கி வளத்தவங்கடி அவங்க, இன்னா கேவலம் அதுல? இதுல இன்னொண்ணு கேளு, அந்தப் போர்ச்சுகீஸ் சொல்லோட வேரு லத்தீன்ல அவியான்னு ஒரு சொல்லுன்னு சொல்றாங்க, அதுக்கு அர்த்தம் பாட்டி! எங்கேந்தோ வந்த ஆயாவும் பாட்டிலேந்து தான் பொறந்திருக்கா. சவுகார்பேட்டைல இருக்குற வடநாட்டுக்காரங்க அப்பாவ பெத்தவங்கள தாதின்னு கூப்புட்றாங்க, நம்ப தமிழ்ல தாதின்னா குழந்தைய வளக்குறவ, நோயாளிய பாத்துக்குறவ. ரெண்டு சொல்லும் ஒரே எடத்துலேந்து வர்ல, ஆனா புள்ள வளக்குற கைக்கும் பாட்டி கைக்கும் வித்தியாசம் இல்லன்ற மாதிரி எனக்குப் பட்டுது.

பாட்டின்னா டீசன்ட்டுன்றாங்களே, தொல்காப்பியத்துல மரபியல்ல பாட்டின்ற சொல்லு எதுக்கு வந்திருக்கு தெரியுமா? பொட்ட பன்னி, பொட்ட நாய், பொட்ட நரி, இதுங்களுக்கு தான் பாட்டின்னு பேரு. கெயவின்னு சொன்னா இன்னிக்கி சண்டைக்கு வருவாங்க, அதே நூல்ல கிழவின்னா தலைவி, உரிமை உள்ளவ. காலம் போவப் போவ ஒண்ணு ஏறும் ஒண்ணு எறங்கும். பாட்டின்னு கூப்புட்றது தப்புன்னு நான் சொல்ல வர்ல, நல்ல சொல்லு தான், ஊர் பூரா அது தான் பொதுவா இருக்கு, ஸ்கூல் புக்குல அது தான் வரும், நானே நூறு பரீட்சைல எழுத வெச்சிருக்கேன். ஆனா எங்க ஊட்டுக்குள்ள இருக்குற சொல்ல வெக்கப்பட்டு வெளிய தள்ளிட்டு அத கூட்டிக்கினு வரணுமான்றது தான் எனக்கு ஆறல. ஏற்கனவே நைனான்றது போச்சு, எங்கப்பாவ நான் நைனான்னு தான் கூப்டுவேன், என் புள்ள அவன் அப்பாவ டாடின்றான். ஆயாவும் போயிட்டா நம்ப ஊட்ல நம்ப பேச்சுன்னு இன்னா மிஞ்சும்.

மறுநாள் நான் கொஞ்சம் சீக்கிரமே ஸ்கூலுக்குப் போயிட்டேன். மிஸ்ஸ பாக்க இல்ல, அந்த ஆயாம்மாவ பாக்க. வேப்ப மரத்தடில உக்காந்து டிபன் பாக்ஸ தொறந்துக்கினு இருந்தாங்க, பழைய சோறும் கருவாட்டுத் தொக்கும். கொருக்குப்பேட்டைலேந்து வர்றாங்களாம், தெனமும் நடந்தே. நேத்து குழந்தை கூப்ட்டது மனசுல வெச்சிக்காதீங்கன்னு சொன்னேன். அவங்க, "அதுல இன்னாம்மா கீது, நெதமும் நூறு புள்ளைங்க கூப்புடுதுங்க"ன்னாங்க. அப்பால கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு சொன்னாங்க பாரு, அது தான்டி என்ன உலுக்கிடுச்சு. "எனக்கும் பேரன் கீறான்மா. அவன என்ன அம்மான்னு கூப்ட வெச்சிருக்கேன். ஆயான்னு கூப்ட்டான்னா வேலை ஞாபகம் வந்துடுது, தொடப்பத்த எடுத்துக்கினு எழுந்துக்கணும் போல ஆயிடுது." நான் ஒரு வார்த்தை பேசல. எங்க ரெண்டு பேருக்கும் பொதுவா இருந்த ஒரு சொல்ல ரெண்டு பேர் கிட்டேந்தும் எடுத்துட்டாங்க, எனக்கு நேத்து போச்சு, அந்தம்மாவுக்கு எப்பவோ போயிடுச்சு. அவங்க பேரனுக்கு அவங்கள ஆயான்னு கூப்ட குடுத்து வெக்கல.

அன்னிக்கி ராத்திரி குழந்தைய மடில போட்டுக்கினு வட சுட்ட ஆயா கதைய ஆரம்பிச்சேன். பாட்டி வட சுட்டாங்கன்னு சொல்ல வர்ல, வாயில ஆயான்னு தான் வந்துது. உடனே கேட்டா, "அந்த ஆயா கிளீன் பண்றவங்களா?"ன்னு. இல்லடா கண்ணு, வட சுடுறவங்க, எங்க ஆயா ஆப்பம் சுட்டாங்க, எனக்கு ரெண்டு ஆயான்னு சொல்லி, கல்மண்டபம் ஆயா கதை, எண்ணூர் ஆயா உப்பங்கழில எறங்கி எறா புடிச்ச கதை எல்லாம் சொன்னேன். எறாவ எப்டி கையால தடவித் தடவி புடிச்சு பல்லால கடிச்சிக்கினு இருக்குற பறில போடுவாங்கன்னு சொன்னதும் கண்ணு இவ்ளோ பெருசா விரிஞ்சுது. கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு கேட்டா, "அப்போ ஸ்கூல்ல இருக்கறவங்க எந்த ஊரு ஆயா?"

கொருக்குப்பேட்டைன்னு சொன்னேன்.

அடுத்த நாள் மத்தியானம் கேட்டாண்ட வந்து நின்னவ, என்ன பாக்கறதுக்கு முன்னாடி அந்தப் பக்கம் திரும்பி "கொருக்குப்பேட்டை ஆயா, டாட்டா!"ன்னா. அந்தம்மா ஒரு நிமிஷம் அப்டியே நின்னுட்டாங்க. அப்பால தொடப்பத்த செவுத்துல சாய்ச்சி வெச்சிட்டு, கைய பொடவைல தொடச்சிக்கினு கிட்ட வந்து, கன்னத்த வழிச்சி நெத்திப் பொட்டுல நெட்டி முறிச்சாங்க. பத்து வெரலும் படபடன்னு முறிஞ்சுது. மிஸ்ஸும் பாத்துக்கினு தான் இருந்தாங்க, ஒண்ணும் சொல்லல. நான் யாருடின்னு கேட்டேன் வழில. "நீ நம்ப ஊட்டு ஆயா"ன்னா, இது கூடவா தெரியாதுன்ற மாதிரி.

இப்போ ரெண்டும் ஓடுது. யாராவது விருந்தாளி வந்தா பாட்டின்றா, பசிச்சா ஆயான்றா. நான் எதையும் திருத்தல.

சரி, நீ தீபாவளிக்கு வர்றேன்னு சொன்னியே, டிக்கெட் போட்டியா? சென்ட்ரல்ல எறங்கி ஆட்டோகாரர் கிட்ட மல்லுக்கட்டாத, அங்கேயே மெட்ரோ புடி, 2021லேந்து விம்கோ நகர் வரைக்கும் ஓடுது, மாறி ஏற வேண்டியதே இல்ல, தண்டையார்பேட்டைல எறங்குனா இவரு வந்து நிப்பாரு. பேத்தியையும் கூட்டிக்கினு வா. எங்க ஊட்டு வாண்டு உன்ன இன்னான்னு கூப்புட்றதுன்னு இப்பவே கேக்க ஆரம்பிச்சிடுச்சு, கோயம்புத்தூர் ஆயாவா, அம்முச்சியா, இல்ல உனக்கு ஆச்சின்னு கூப்ட்டா தான் புடிக்குமான்னு நீயே வந்து சொல்லிக்கோ. எங்க ஆயாவோட ஆப்பச்சட்டி என் கிட்ட தான் இருக்கு, பரண்லேந்து எறக்கி புளி போட்டு தேச்சு எண்ணெய் தடவி வெச்சிருக்கேன். நாலு நாளா பழக்கிக்கினு இருக்கேன், ஓரம் வருது, நடு இன்னும் சரியா வர்ல.

தைலத்த மறக்காம தேயி.

உன்
கல்மண்டபத்துக்காரி